மூளை இல்லாத செடி எப்படி எண்ணுகிறது?

வீனஸ் ஃபிளைடிராப் என்ற பூச்சி தின்னும் செடியை டிவியிலாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சதுப்புகளில்தான் அது இயற்கையாக வளர்கிறது. இலையின் நுனி இரண்டு மடல்களாகப் பிரிந்து, ஓரமெல்லாம் முட்களோடு விரிந்து கிடக்கும். ஒவ்வொரு மடலின் உட்புறத்திலும் வழக்கமாக மூன்று மெல்லிய முடிகள் இருக்கும். ஓர் ஈ வந்து அதில் ஒரு முடியைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. அடுத்த 20, 30 நொடிக்குள் மறுபடி தொட்டால், கண் இமைப்பதற்குள் மடல்கள் மூடிக்கொள்ளும்.

ஏன் முதல் தொடுதலிலேயே மூடுவதில்லை? விழுந்தது மழைத்துளியாக இருக்கலாம், காய்ந்த சருகாக இருக்கலாம். சும்மா மூடித் திறப்பது செடிக்கு நஷ்டம். வெறுமனே மூடிய இலை மறுபடி விரிய ஒரு நாள் போல ஆகிவிடும், அதுவரை அந்த இலையால் வேட்டை கிடையாது. அடுத்தடுத்து இரண்டு முறை தொடுகிறது என்றால் அநேகமாக அது உயிருள்ள ஏதோ ஒன்று.

கணக்கு இதோடு முடியவில்லை. உள்ளே மாட்டிய ஈ திமிறும். திமிறத் திமிற முடிகளில் இடிக்கும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஹெட்ரிச்சின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டு தொடுதலுக்கு இலை மூடுகிறது. ஐந்து தொடுதல் ஆனபிறகுதான் செரிமான நொதிகளைச் சுரக்கும் வேலை ஒழுங்காகத் தொடங்குகிறது. தொடுதல்கள் மேலும் கூடக் கூட நொதியும் கூடுகிறது. பெரிய பூச்சி அதிகம் திமிறும், அதைச் செரிக்க அதிக நொதி வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆக, இந்தச் செடி எண்ணுகிறது. கொஞ்ச நேரம் நினைவும் வைத்திருக்கிறது. அப்படியானால் அதற்கு அறிவு இருக்கிறதா? தாவர அறிவியலில் இருபது ஆண்டுகளாகக் காரசாரமாக நடக்கும் வாதம் இது. அதற்குள் நுழைவதற்கு முன், மூளை இல்லாத ஒன்று எண்ணுவது எப்படி என்று பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்து தெளிவாகும்.

ஓட்டைக் குடம்

செடியில் நரம்பு கிடையாது. ஆனாலும் முடியைத் தொட்டதும் இலையில் ஒரு மின் துடிப்பு ஓடுகிறது. நம் நரம்பில் ஓடும் துடிப்புக்கு அது தூரத்து உறவு: உயிரணுவின் சவ்வில் உள்ள வாசல்கள் திறந்து, மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளும் வெளியும் பாய்வதால் உண்டாவது. டார்வின் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜான் பர்டன் சாண்டர்சன் என்ற ஆங்கிலேய உடலியலாளர் 1873-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்.

மின் துடிப்பு ஒரு கணத்தில் ஓடி முடிந்துவிடும். அப்புறம் இருபது நொடிக்கு முந்தைய தொடுதலை எது நினைவில் வைத்திருக்கிறது? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் இதற்கு விடை கண்டார்கள். கால்சியம் கூடினால் ஒளிரும் ஒரு புரதத்தை மரபணு வழியே இந்தச் செடிக்குள் புகுத்தி, முடியைத் தொட்டுப் பார்த்தார்கள். முதல் தொடுதலில் இலையின் உயிரணுக்களுக்குள் கால்சியம் கூடியது. பிறகு மெல்ல வடிந்தது. முழுக்க வடிவதற்குள் இரண்டாவது தொடுதல் வந்தபோது அளவு ஓர் எல்லையைத் தாண்டியது, இலை மூடியது.

அடியில் ஓட்டை உள்ள குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் நிரம்பாது, ஒழுகிப் போய்விடும். ஒழுகுவதற்குள் இன்னொரு செம்பு ஊற்றினால் வழியும். ‘இரண்டு’ என்ற எண் குடத்துக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் அது இரண்டுவரை எண்ணுவதாகத் தெரியும்.

செடிகளைப் பற்றி எந்த வியப்பான செய்தி வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே குடம் எது? அதைக் காட்டிவிட்டால் செய்தி உறுதியாக நிற்கும். குடத்தைக் காட்டாமல் ‘செடி நினைக்கிறது, செடி விரும்புகிறது’ என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது நல்லது.

இந்தச் செடியில் இன்னொரு சுவாரசியம் உண்டு. செரிமான நொதிகளைச் சுரக்கச் சொல்வது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன். இதன் நெருங்கிய உறவான மெத்தில் ஜாஸ்மோனேட், ஜாதிமல்லியின் மணத்தில் கலந்திருக்கும் பொருள்களில் ஒன்று. 1962-இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே அந்தப் பூவின் எண்ணெயிலிருந்துதான். தக்காளியிலோ கத்தரியிலோ புழு கடித்தால், ‘கடிக்கிறார்கள்’ என்று செடிக்குள் எச்சரிக்கை எழுப்புவதும் இதே ஹார்மோன் குடும்பம்தான். அதாவது, பூச்சியிடமிருந்து தற்காத்துக்கொள்ளப் பயன்பட்ட பழைய ஏற்பாட்டை எடுத்து, பூச்சியைத் தின்னும் வயிறாக மாற்றிக்கொண்டிருக்கிறது ஃபிளைடிராப். இந்த ஜாஸ்மோனேட்டை மறந்துவிடாதீர்கள், மறுபடி வரும்.

இருந்த இடத்திலேயே

சூழலில் ஒன்று மாறும்போது ஓர் உயிர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதை நடத்தை என்கிறோம். விலங்கு என்றால் ஓடும், கடிக்கும், ஒளியும். செடியால் எழுந்து போக முடியாது என்பதால் அதன் நடத்தை பெரும்பாலும் வளர்ச்சியிலும் சுரப்பிலும் இருக்கிறது. மெதுவாக நடப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான்.

விதிவிலக்காக வேகமாக அசைவது தொட்டாச்சிணுங்கி. நம் வரப்போரத்தில் பிறந்து வளர்ந்தது போலத் தோன்றினாலும் அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும், காம்பின் அடியிலும் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். தொட்டதும் அந்தப் புடைப்பின் ஒரு பக்கத்து உயிரணுக்கள் பொட்டாசியம், குளோரைடு அயனிகளை வெளியே விடுகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீரும் வெளியேறும். அந்தப் பக்கம் தொய்ந்துபோக, இலை மடங்குகிறது. எதற்காக மடங்குகிறது என்பது வெகுநாள் ஊகமாகவே இருந்தது. 2022-இல் ஜப்பானில் மரபணு மாற்றத்தால் மடங்க முடியாத தொட்டாச்சிணுங்கியை உருவாக்கி, சாதாரணச் செடியோடு சேர்த்துப் பூச்சிகளிடம் விட்டுப் பார்த்தார்கள். மடங்காத செடியைப் பூச்சிகள் அதிகமாகத் தின்றன.

ஜகதீஷ் சந்திர போஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் இதே செடியில் மின் துடிப்புகளை அளந்தார். செடியின் மிக நுண்ணிய அசைவையும் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவிகளைத் தானே செய்தார். செடியிலும் நரம்புக்கு இணையான அமைப்பு உண்டு என்று அவர் வாதிட்டபோது மேற்கில் பலர் ஏற்கவில்லை; சமிக்ஞை என்பது தண்டில் ஓடும் ரசாயனம் மட்டுமே என்றார்கள். இத்தாலியரான ரிக்கா 1916-இல் தண்டை வெட்டி, நடுவில் தண்ணீர்க் குழாயை வைத்தும் சமிக்ஞை கடந்துபோவதைக் காட்டினார். இன்று பார்த்தால் இரண்டு தரப்பிலும் உண்மை இருந்தது: மின்சாரமும் உண்டு, ரசாயனமும் உண்டு. போஸ் தன் அளவீடுகளில் கெட்டிக்காரர். அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவுகளில் சில அளவீட்டுக்கு மிஞ்சிப் போய்விட்டன என்பது என் கருத்து.

தொட்டாச்சிணுங்கி போன்ற செடிகள் இரவில் இலையை மூடிப் பகலில் விரிக்கும். வெளிச்சம் வருவதால்தான் விரிகிறது என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், 1729-இல் டி மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் அப்படி ஒரு செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். சூரியனைப் பார்க்காமலே இலைகள் பகல் நேரத்தில் விரிந்து இரவில் மூடின. உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற துறையே இந்தச் சின்னச் சோதனையிலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். மனிதனின் தூக்கத்தைப் பற்றிய ஆய்வுக்கும் இதுதான் பாட்டன்.

வெளிச்சத்தின் பக்கம் வளைவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனிக்கு ஒரு தொப்பி போட்டார்கள்; நாற்று வளையவில்லை. நுனியை விட்டுவிட்டு அடிப்பகுதியை மட்டும் மூடினார்கள்; வளைந்தது. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி. ஆக நடுவில் ஏதோ தகவல் போகிறது என்று 1880-இல் எழுதினார்கள். அந்தத் தகவல் ஆக்ஸின் என்ற ஹார்மோன் என்பது 1920-களில் தெரிந்தது. நிழல் பக்கத்தில் ஆக்ஸின் கூடினால் அந்தப் பக்கம் அதிகமாக நீளும், நாற்று வெளிச்சத்தின் பக்கம் சாயும்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. நெருக்கி விதைத்தால் நாற்று நெட்டையாக, மெலிந்து வளரும். வெளிச்சம் குறைந்ததால் அப்படி என்பது பாதி விடைதான். இலைகளில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நிறமாலையில் அதையடுத்து வரும் தொலைசிவப்பு ஒளியை அவ்வளவாக உறிஞ்சாது, தெறிக்க விடும். அதனால் பக்கத்தில் இன்னொரு செடி இருந்தால், அதிலிருந்து பட்டு வரும் ஒளியில் தொலைசிவப்பின் விகிதம் கூடியிருக்கும். ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தை அளக்கிறது. நிழல் விழுவதற்கு முன்பே, ‘பக்கத்தில் ஆள் வளர்கிறான்’ என்று தெரிந்து, கிளைப்பதைக் குறைத்துக்கொண்டு செடி உயர ஓடுகிறது. இது முழுக்க நிரூபணமான அறிவியல். எந்தச் சர்ச்சையும் இல்லாததாலோ என்னவோ, இதைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

வேர் கீழ்நோக்கிப் போவதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது: வேர்நுனி உயிரணுக்களுக்குள் கனமான மாவுத் துகள்கள் கிடக்கின்றன. வேரைச் சாய்த்தால் அவை உருண்டு கீழ்ப்பக்கம் படியும். கீழ் எது என்று அதிலிருந்து தெரியும். பள்ளியில் மரத்தை ஓரறிவு உயிர், தொடுதலை மட்டும் உணர்வது என்று படித்திருப்போம். அந்தக் கணக்கில் ஒளி, ஈர்ப்பு எல்லாம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அடுத்து மோப்பம்.

மோப்பமும் ஒட்டுக்கேட்பதும்

வேலிகளில் மஞ்சள் நூலை அவிழ்த்துப் போட்டது போலப் படர்ந்திருக்கும் அம்மையார் கூந்தலைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு இலையும் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி வேரும் கிடையாது. அடுத்த செடியின் தண்டில் உறிஞ்சுகுழலைச் செருகித்தான் வாழும். முளைத்த சில நாட்களுக்குள் ஒரு செடியைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். எந்தப் பக்கம் போவது என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2006-இல் இதைச் சோதித்தார்கள். முளைகள் தக்காளிச் செடியின் பக்கம் வளைந்தன. செயற்கைச் செடியை வைத்தபோது வளையவில்லை. தக்காளியை எடுத்துவிட்டு அதன் வாசனையை மட்டும் வைத்தபோதும் வளைந்தன. தக்காளி, கோதுமை இரண்டையும் வைத்தால் பெரும்பாலானவை தக்காளியையே தேர்ந்தெடுத்தன. ஒவ்வொரு மாற்று விளக்கத்தையும் ஒவ்வொரு சோதனையால் அடைத்துவிட்டதால் இது எனக்குப் பிடித்த ஆய்வு.

செடிகள் பேசிக்கொள்கின்றன என்ற பேச்சு தொடங்கியது 1983-இல். டேவிட் ரோட்ஸ் வில்லோ மரங்களிலும், ஜாக் ஷுல்ட்ஸ், இயன் பால்ட்வின் ஆகியோர் பாப்லர், மேப்பிள் கன்றுகளிலும் ஒரே மாதிரியான ஒன்றைக் கண்டார்கள்: ஒரு மரத்தின் இலை சேதமானால், அதைத் தொடாத பக்கத்து மரத்தின் இலையிலும் பூச்சிக்கு எதிரான மாற்றங்கள். பத்திரிகைகள் ‘பேசும் மரங்கள்’ என்று கொண்டாடின. சக விஞ்ஞானிகள் சோதனை முறையில் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டினார்கள். துறையே கொஞ்ச காலம் கெட்ட பெயரோடு கிடந்தது.

1990-இல் எட்வர்ட் ஃபார்மரும் கிளாரன்ஸ் ரயனும் செய்தது எளிய சோதனை. சேஜ்பிரஷ் என்ற, பாலைப்பாங்கான நிலத்தில் வளரும் வாசனைப் புதரின் கிளையையும் தக்காளிச் செடியையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே மூடிய பாத்திரத்தில் வைத்தார்கள். தக்காளி இலைகளில், புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் உருவாகின. தூது போனது எது? மெத்தில் ஜாஸ்மோனேட். ஜாதிமல்லி மணத்தில் இருக்கிறது என்று சொன்னேனே, அதே பொருள். தனியாக அதை மட்டும் காற்றில் விட்டபோதும் தக்காளி அதையே செய்தது.

பிறகு ரிச்சர்ட் கார்பன் கலிபோர்னியாவின் திறந்தவெளியில் ஆண்டுக்கணக்கில் சேஜ்பிரஷ் கிளைகளைக் கத்தரித்துப் பார்த்தார். கத்தரித்த புதருக்குப் பக்கத்தில் இருந்தவற்றுக்குப் பூச்சிச் சேதம் குறைந்தது. ஆனால் மிக நெருக்கத்தில், ஏறக்குறைய 60 செ.மீ. தூரத்துக்குள்தான். இன்னொன்றும் தெரிந்தது. சேஜ்பிரஷின் கிளைகளுக்கு இடையே உள்வழித் தொடர்பு போதாது. ஒரு கிளை கடிபட்டதை அதன் மற்றக் கிளைகளே காற்று வழியாகத்தான் அறிந்துகொள்கின்றன.

இதனால் ‘பேசுதல்’ என்பதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடிபட்ட புதர் பக்கத்துப் புதரைக் காப்பாற்ற நினைத்துக் குரல் கொடுக்கிறது என்பதற்கு ஆதாரம் தேவைப்படும். பக்கத்துப் புதர் தண்ணீருக்கும் வெயிலுக்கும் போட்டிக்காரன் அல்லவா? தன் கிளைகளுக்குத் தானே அனுப்பும் சேதியைப் பக்கத்திலிருப்பவர் ஒட்டுக்கேட்டுப் பயனடைகிறார் என்பது பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

ஒரே செடிக்குள் சேதி எப்படிப் போகிறது என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சைமன் கில்ராயின் ஆய்வகம் 2018-இல் படமாகவே எடுத்துவிட்டது. புழு ஓர் இலையைக் கடிக்கிறது. கால்சியம் ஒளிரும் அலை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மற்ற இலைகளுக்குப் பரவுகிறது. நிமிடங்களில் அங்கே ஜாஸ்மோனேட் உருவாகிறது. அலையைக் கிளப்புவது காயத்திலிருந்து வழியும் குளூட்டமேட். நம் மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்துவதும், அஜினோமோட்டோவில் நாக்குக்கு ருசி கொடுப்பதும் இதுதான். இதைப் பிடித்துக்கொண்டு ‘செடிக்கும் மூளை இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. ஒரே மூலக்கூறை வெவ்வேறு உயிர்கள் வெவ்வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது உயிரியலில் சர்வசாதாரணம்.

உண்மையிலேயே கூப்பிடுவது என்று சொல்லத்தக்கது வேறொன்று. மக்காச்சோளத்தைப் புழு தின்னும்போது செடி ஒரு வாசனைக் கலவையை வெளிவிடுகிறது. அதை மோப்பம் பிடித்து வரும் ஒட்டுண்ணிக் குளவி, புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். டெட் டர்லிங்ஸ், ஜேம்ஸ் டம்லின்சன் ஆகியோர் 1990-இல் இதைக் காட்டினார்கள். இலையைக் கத்தியால் கீறினால் மட்டும் அதே அளவு வாசனை வரவில்லை. கீறலில் புழுவின் எச்சிலைத் தடவியதும் வந்தது. எச்சிலில் உள்ள எந்த ரசாயனம் செடியைத் தூண்டுகிறது என்பதை 1997-இல் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்துவிட்டார்கள்: வாலிசிட்டின். குடம் எது என்று துல்லியமாகக் காட்டிய ஆய்வு. செடியும் பயனடைகிறது, குளவியும் பயனடைகிறது. இதைத் தகவல் தொடர்பு என்று அழைக்க யாருக்கும் தயக்கம் இல்லை.

ஒலியைப் பற்றி இரண்டு வார்த்தை. புழு இலையைக் கடிக்கும் அதிர்வை மட்டும் பதிவுசெய்து செடியில் செலுத்தினால், பிறகு கடிபடும்போது தற்காப்பு ரசாயனம் அதிகமாகச் சுரக்கிறது என்று மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2014-இல் கண்டார்கள். காற்றின் அதிர்வுக்கு அப்படிச் சுரக்கவில்லை. 2023-இல் டெல் அவிவ் ஆய்வாளர்கள், தண்ணீர் இல்லாமல் வாடும் தக்காளி, புகையிலைச் செடிகளிலிருந்து மணிக்கு 30 முதல் 50 வரை ‘டிக்’ ஒலிகள் வருவதைப் பதிவுசெய்தார்கள். நம் காதுக்கு எட்டாத மீயொலி அது. உடனே ‘செடிகள் கதறுகின்றன’ என்று தலைப்பு வந்தது. தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழ்கள் உண்டாகி வெடிப்பதால் வரக்கூடிய ஓசை அது. கதவு கிறீச்சிட்டால் கதவுக்கு வலிக்கிறது என்று சொல்வோமா?

எங்கே தடுமாறுகிறது

காட்டில் மரங்களின் வேர்களைப் பூஞ்சை இழைகள் இணைக்கின்றன. அந்த இழைகள் வழியே தாய்மரம் தன் கன்றுகளுக்கு உணவூட்டுகிறது என்ற கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. இதன் தொடக்கம் கனடாவின் சூசன் சிமார்ட் 1997-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு. பிர்ச் மரக்கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் மரக்கன்றுக்கும் இடையே கார்பன் போய்வருவதை ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு) அடையாளம் வைத்துக் காட்டினார்கள். நல்ல ஆய்வு. வேரும் பூஞ்சையும் கூட்டாளிகள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கார்பன் பூஞ்சை இழை வழியாகத்தான் போனதா, மண் வழியாகவும் போயிருக்கலாமா, போன அளவு கன்றுக்கு உதவுமா, தாய் தன் பிள்ளையை அடையாளம் கண்டு கொடுக்கிறதா என்பவை எல்லாம் தனித்தனிக் கேள்விகள். 2023-இல் மூன்று பூஞ்சை ஆய்வாளர்கள் அதுவரையிலான களச் சான்றுகளை அலசி, பொதுமக்களிடம் சொல்லப்படும் அளவுக்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். மூவரில் ஒருவரான மெலனி ஜோன்ஸ், 1997 ஆய்வின் இணை ஆசிரியர்களில் ஒருவர். தன் பெயரும் இருக்கும் ஆய்வைச் சுற்றிக் கட்டிய கதையைத் தானே கேள்வி கேட்டதால் அவர்மேல் எனக்கு மரியாதை.

கற்றல் பற்றிய ஆய்வுகளும் இப்படித்தான். மோனிகா காக்லியானோ 2014-இல் தொட்டாச்சிணுங்கித் தொட்டிகளை 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்தார். முதலில் இலையை மூடிய செடிகள், ஆபத்தில்லை என்று ‘தெரிந்து’ மூடுவதை நிறுத்திக்கொண்டன; சில வாரங்கள் கழித்தும் நினைவில் வைத்திருந்தன என்றார். களைத்துப்போய் மூடவில்லையா என்ற கேள்விக்கு, வேறு விதமாகக் குலுக்கினால் மூடுகின்றனவே என்று பதில் சொன்னார். அந்தப் பதில் போதாது என்று வாதிட்டவர்கள் உண்டு. 2016-இல் அவர் ஒரு படி மேலே போனார்: பட்டாணிக் கன்றுகளுக்கு மின்விசிறிக் காற்றையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பழக்கினால், பிறகு காற்று வரும் திசையை வைத்தே வெளிச்சத்தை எதிர்பார்த்து வளர்கின்றன என்றார். மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் போல. கேஸி மார்க்கெல் என்ற ஆய்வாளர் அதிகக் கன்றுகளோடு அதே சோதனையைச் செய்து, அந்த விளைவு கிடைக்கவில்லை என்று 2020-இல் வெளியிட்டார். இன்றைய நிலவரப்படி பட்டாணி பாவ்லோவ் பாடம் படித்தது என்று நான் சொல்லமாட்டேன்.

பாட்டுப் போட்டால் செடி செழிக்கும், திட்டினால் வாடும் என்பதற்கெல்லாம் வேர் 1966-இல் இருக்கிறது. பொய் கண்டறியும் கருவியை இயக்கிவந்த கிளீவ் பேக்ஸ்டர், அதை வீட்டுச் செடியில் மாட்டி, செடி தன் எண்ணங்களை உணர்கிறது என்று அறிவித்தார். ஒழுங்கான கட்டுப்பாடுகளோடு மற்றவர்கள் செய்தபோது ஒன்றும் வரவில்லை. இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

அப்புறம், அறிவு?

2006-இல் சில விஞ்ஞானிகள் ‘தாவர நரம்பியல்’ என்ற பெயரில் ஒரு துறையை முன்மொழிந்தார்கள். மறு ஆண்டே 36 தாவர விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, நரம்பே இல்லாத இடத்தில் நரம்பியல் எதற்கு என்று எதிர்க் கடிதம் வெளியிட்டார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

அறிவு என்பதை ‘சூழலிலிருந்து தகவல் பெற்று, பலவற்றைச் சீர்தூக்கி, தனக்கு நன்மையானதைச் செய்வது’ என்று வரையறுத்தால் செடிக்கு அறிவு உண்டு. எடின்பரோவின் அந்தோணி டிரெவாவஸ் போன்றவர்கள் இந்தப் பொருளில்தான் பேசுகிறார்கள். அந்த வரையறையில் பாக்டீரியாவுக்கும் அறிவு உண்டு, நம் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் உண்டு. அறிவு என்றால் உள்ளே ஒருவர் இருந்து அனுபவிப்பது, யோசிப்பது என்று வரையறுத்தால், செடியில் அதற்குச் சான்று ஏதும் இல்லை. ஈதர் போன்ற மயக்க மருந்து கொடுத்தால் தொட்டாச்சிணுங்கியும் ஃபிளைடிராப்பும் அசைவதை நிறுத்திவிடும். ஆகவே அவற்றுக்கு உணர்வு இருந்தது, மயங்கியது என்று வாதிடுகிறார்கள். அந்த மருந்துகள் உயிரணுச் சவ்வுகளையும் அவற்றின் வாசல்களையும் பாதிப்பவை. துடிப்பு நின்றது என்பதை அவை காட்டும், உணர்வு இருந்தது என்பதைக் காட்டாது.

மூளை இல்லாதது செடிக்குக் குறையா என்றால், அப்படித் தோன்றவில்லை. ஆடு வந்து முக்கால்வாசியை மேய்ந்துவிட்டுப் போகும். மிச்சம் துளிர்க்க வேண்டும். அப்படிப்பட்ட உடலில் எல்லா முடிவையும் எடுக்கும் ஓர் உறுப்பை ஓரிடத்தில் வைப்பது முட்டாள்தனம். அதனால் ஒவ்வொரு வேர்நுனியும் ஒவ்வொரு மொட்டும் தன் இடத்துத் தகவலை வைத்துத் தானே முடிவெடுத்து, ஹார்மோன் வழியே மற்றவற்றோடு ஒத்துப்போகிறது.

சைவ, அசைவ வாக்குவாதத்தில் கட்டாயம் வரும் கேள்வி: அப்படியானால் கீரை பறித்தால் கீரைக்கு வலிக்குமா? காயம் பட்டதைச் செடி அறிகிறது, பதில் செய்கிறது. நம்மிடமும் வலி என்பது காயத்தில் இல்லை. காயத்தின் சேதியை மூளை அனுபவமாக மாற்றும்போதுதான் வலி. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போட்டால் காயம் அப்படியே இருக்கும், வலி இருக்காது. அந்த மாற்றத்தைச் செய்யும் எதுவும் செடியில் காணப்படவில்லை. இந்த வாதத்தில் கீரையைச் சாட்சிக்கு இழுப்பது செல்லாது.

வாதம் முடியட்டும் என்று கென்ய விவசாயிகள் காத்திருக்கவில்லை. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐசிப்பே பூச்சி ஆய்வு நிறுவனத்தில் ஜெயாவுர் கானும் அவர் கூட்டாளிகளும் 1990-களில் ‘தள்ளு-இழு’ என்ற சாகுபடி முறையை உருவாக்கினார்கள். மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி. வயலைச் சுற்றி நேப்பியர் புல். நம் ஊரில் மாட்டுக்கு வளர்க்கிறோமே, அந்த நேப்பியர்தான். டெஸ்மோடியத்தின் வாசனை, மக்காச்சோளத் தண்டைக் குடையும் புழுவான தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியை விரட்டும், நேப்பியரின் வாசனை அதை இழுக்கும். நேப்பியரில் முட்டையிட்டாலும் அதன் பிசுபிசுப்பான சாற்றில் பெரும்பாலான புழுக்கள் தேறாது. கூடவே, டெஸ்மோடியத்தின் வேர்ச் சுரப்பு, பயிரின் வேரை உறிஞ்சி வாழும் ஸ்ட்ரைகா களையின் விதையை முளைக்கவைத்து, மக்காச்சோள வேரோடு ஒட்டவிடாமல் சாகடிக்கிறது. ஸ்ட்ரைகா நம் சோளக்காட்டுச் சுடுமல்லியின் இனம். அறுத்த புல்லும் டெஸ்மோடியமும் மாட்டுக்குத் தீவனம்.

அண்மையில் இன்னொரு குழு, டெஸ்மோடியம் வாசனையால் விரட்டுவதாகத் தெரியவில்லை, அதன் இலையில் உள்ள கொக்கி மயிர்களில் புழுக்கள் சிக்கிச் சாவதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறது. வயலில் வாசனை வெளிவருவதை அளந்துவிட்டோம் என்று வேறு சிலர் பதில் சொல்கிறார்கள். குடம் எது என்று இங்கேயும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் விக்டோரியா ஏரிக்கரை வயல்களில் எத்தனையோ அறுவடை முடிந்துவிட்டது.